காணிக்கைப் பையில் போட முடியாத காணிக்கை

(அருப்புக்கோட்டையில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கூடுகையில் நாங்கள் கணக்கு வாசிக்கிறோம். எத்தனை பிரசவம், எத்தனை அறுவை சிகிச்சை, கிணற்று மோட்டாருக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு என்று வாசித்து, உங்களுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுகிறோம். கணக்கை இந்த முறையும் பொருளாளர் வாசிப்பார். நாங்கள் வேறொரு காரியம் பேச வந்திருக்கிறோம். அது காணிக்கைப் பையில் போட முடியாதது. கேட்கவும் கூச்சமாயிருக்கிறது. ஒரு முறை கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டோம். அதையும் மறைக்காமல் சொல்லுவோம்.

திருச்சுழிக்குத் தெற்கே, குண்டாற்றுக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாயார் நம் மருத்துவமனைக்கு வந்தார்கள். வயது 46. பெயர் வேண்டாம். வானம் பார்த்த பூமியில் மல்லியும் உளுந்தும் போட்டு, மழை ஏமாற்றுகிற வருஷங்களில் கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேல் வெட்டப் போகிற குடும்பம். நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது அந்த முள்மரத்தால்தான். வெட்டிய கிளையை இழுத்திருக்கிறார்கள். அது வளைந்து திரும்பி முகத்தில் அடித்தது. முள் வலது கண்ணில் பாய்ந்தது.

அன்று பொழுது சாயும்வரை வேலை செய்தார்கள். கூட இருந்த அக்கா கண்ணைத் திறந்து பிடித்து நாக்கு நுனியால் துழாவி எதையோ எடுத்துப் போட்டார்களாம். இரவு, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். மூன்றாம் நாள் கடையில் ஏதோ சொட்டு மருந்து வாங்கினார்கள். சிவப்பு கொஞ்சம் குறைந்தது, வலி குறையவில்லை. பன்னிரண்டாம் நாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு நம்மிடம் வந்து நின்று, "கண்ணுல பூ விழுந்துருச்சுங்கய்யா" என்றார்கள்.

இடது கண்ணைப் பார்த்தோம். அதிலும் வெள்ளை இருந்தது. எட்டு வயதில் அண்ணன்மாரோடு கிட்டிப்புள் விளையாடியபோது புள் தெறித்து அடித்த தழும்பு. "அது அப்பவே போச்சு. ஒரு கண்ணுதானே, இன்னொன்னு இருக்குல்லன்னு விட்டுட்டாங்க." முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த இன்னொன்றில்தான் குடும்பம் நடந்திருக்கிறது.

நம் மருத்துவமனையில் கருவிழி அறுவை செய்கிற மருத்துவர் இல்லை. உங்களுக்குத் தெரியும். நாம் முதலுதவி செய்து, கடிதம் எழுதி, கூட ஆள் அனுப்பி, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மதுரைக்கு அனுப்புகிறவர்கள். அங்கே புண்ணைச் சுரண்டி எடுத்துப் பார்த்தபோது பூஞ்சைக் காளான் என்று தெரிந்தது. முள், சோளத்தட்டை, வைக்கோல், கதிரடிக்கும் தூசு இவற்றோடு வருகிற பூஞ்சை. நாட்டாமைசின் என்ற சொட்டு மருந்தை முதலில் மணிக்கொரு தரம் விட வேண்டும். அதைவிட விலை உயர்ந்த புதிய மருந்தை அதோடு ஒப்பிட்டு மதுரை அரவிந்த் மருத்துவமனையும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய பெரிய ஆராய்ச்சியில் பழைய நாட்டாமைசினே மேல் என்று 2013இல் கண்டார்கள். இரவும் பகலும் விட்டார்கள். இரண்டு மாதத்தில் புண் ஆறியது. ஆறின இடத்தில் வெள்ளை நின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், கையசைவு தெரியும், மகன் முகம் தெரியாது.

இது ஒரு தாயாருக்கு நேர்ந்த அபூர்வமான துன்பம் என்று நினைத்துவிடாதிருங்கள். நம் பக்கத்து மதுரை மாவட்டத்தில் 1993இல் கணக்கெடுத்தார்கள். ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று கண்டார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் எடுத்த கணக்கைப் போல அது பத்து மடங்கு. அடுத்த ஆண்டு, 1994இல், மூன்றே மாதத்தில் அரவிந்த் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை விசாரித்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முதலில் கண்ணில் அடிபட்டவர்கள். பெரும்பாலும் காட்டு வேலை செய்கிறவர்கள். இன்று கரிசல் காட்டில் இறங்கி நடந்தால் அந்தக் கணக்கு நமக்கு ஆச்சரியமாயிராது.

கருவிழி என்று நாம் சொல்லுகிறது உண்மையில் கருப்பு அல்ல. அது கைக்கடிகாரத்தின் மேலிருக்கிற கண்ணாடி போல ஒரு தெளிவான மூடி. கருப்பாய்த் தெரிகிறது அதன் பின்னாலிருப்பது. நடுவில் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். தெளிவாயிருக்க வேண்டும் என்பதற்காக அதில் இரத்தக் குழாய் ஒன்றும் ஓடவில்லை. மேல்தோல் லேசாய்ச் சிராய்த்தால் ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும். ஆழமாய்ப் புண்பட்டு ஆறினால் தழும்பு. கையில் தழும்பு இருந்தால் கை வேலை செய்யும். கண்ணின் மூடியில் தழும்பு இருந்தால் உள்ளே எல்லாம் நன்றாயிருந்தும் வெளிச்சம் உள்ளே போகாது. கண்ணாடி போட்டுத் தெளிய வைக்க முடியாது, மருந்து விட்டுக் கரைக்க முடியாது. தழும்புள்ள வட்டத்தை எடுத்துவிட்டு, மரித்த ஒருவருடைய தெளிவான வட்டத்தை அங்கே வைத்துத் தைக்க வேண்டும். செயற்கைக் கருவிழி என்று ஒன்று உண்டு. அது வேறு வழியே இல்லாத சிலருக்கு மட்டும்.

இந்தச் சிகிச்சை முதன்முதல் பலித்ததும் நம் தாயாரைப் போன்ற ஒரு கூலியாளுக்குத்தான் என்று வாசித்தபோது எங்களுக்கு ஆறுதலாயிருந்தது. இன்றைய செக் நாட்டிலுள்ள ஒலொமோட்ஸ் பட்டணம். 1905 டிசம்பர் 7. அலாய்ஸ் குளோகர் என்ற மனிதருக்குச் சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் வெந்துபோயிருந்தன. அதே நாட்களில் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இரும்புத்துண்டு பாய்ந்து, கண்ணையே எடுத்துவிட வேண்டிய நிலை. மருத்துவர் எட்வார்ட் சிர்ம் அந்தச் சிறுவனின் கண்ணிலிருந்து கருவிழியை எடுத்துக் குளோகரின் இரண்டு கண்ணிலும் வைத்தார். ஒன்று பலிக்கவில்லை. மற்றது தெளிந்தது. அந்த மனிதர் திரும்ப வேலைக்குப் போனார்.

(கிறிஸ்துமஸுக்கு ஆலயத்துக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுகிற வாலிபர்கள் இங்கே இருந்தால் ஒரு வார்த்தை. கண்ணில் பட்டால் வண்டி தேடி ஓடாதிருங்கள். முதலில் அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றுங்கள், துகளைத் துணியால் எடுங்கள், பிறகு ஓடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தை கையில் கொடுக்காதிருங்கள்.)

அந்த நாளில் உயிரோடிருக்கிறவனின் எடுக்கப்பட்ட கண் கிடைத்தால்தான் உண்டு. சோவியத் தேசத்து மருத்துவர் பிலாட்டோவ் 1930களில் ஒடெசா நகரத்தில், மரித்தவர்களின் கண்ணும் உதவும் என்று காட்டிய பிறகே வழி திறந்தது. நம் தேசத்தின் முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையில் மருத்துவர் முத்தையா அவர்களால் தொடங்கப்பட்டது. எடுத்த கருவிழியைக் குளிரில் நான்கு நாள் வைத்திருக்க உதவும் திரவம் 1974இல் வந்தது. இப்போது அதைவிட அதிக நாள் வைக்க முடிகிறது. கரிசல் மண்ணில் பிறந்த மருத்துவர் வெங்கடசாமி ஐயா 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கினது அரவிந்த் மருத்துவமனை. அங்கே 1998இல் கண் வங்கியும் வந்தது. ஆகையால் மருத்துவர்கள் இருக்கிறார்கள், வங்கி இருக்கிறது, திரவம் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது.

அந்தத் தாயாருக்காக உங்கள் காணிக்கை என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறோம். மதுரைக்குப் போகவும் வரவும் இருவருக்குப் பஸ் கட்டணம். வேலைக்குப் போகாத மாதங்களில் வீட்டுக்கு அரிசி. மருந்து. எல்லாம் செய்தோம், இன்னும் செய்ய உங்களால் முடியும். கருவிழியை மட்டும் உங்கள் பணத்தால் வாங்க முடியவில்லை. அதை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம், அப்படியே இருக்கட்டும். யாரோ ஒரு வீட்டார், தங்கள் வாழ்நாளின் மிகக் கொடிய இரவில், "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் யாராவது அவர்களிடம் கேட்க வேண்டும்.

அந்த இரவைப் பற்றி இப்போது சொல்லுகிறோம்.

தாயார் காத்திருந்த நாட்களில், நம் சபையைச் சேர்ந்த ஒரு முதியவர் நம் மருத்துவமனையில் மரித்தார். அதிகாலை இரண்டு மணி. ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் நால்வரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நாங்கள் ஜெபித்தோம். மூத்த மகளின் தலையில் கை வைத்து ஆறுதல் சொன்னோம். நர்ஸம்மா வாசலில் நின்று எங்களைப் பார்த்தார்கள். என்ன கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மதுரைக்குப் போன் செய்தால் விடிவதற்குள் வந்துவிடுவார்கள்.

நாங்கள் கேட்கவில்லை. துக்க வீட்டில் அதிகம் பேசாதே, உட்கார்ந்திரு என்று இறையியல் கல்லூரியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நாற்பது வருஷ ஊழியத்தில் அந்தப் பாடம் எங்களைக் கைவிட்டதில்லை. அன்று அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். விடிந்தது, எட்டு மணியானது, நேரம் முடிந்தது. அன்று வெள்ளிக்கிழமை. கண் பரிசோதனைக்காக அந்தத் தாயார் மகனோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் செருப்புச் சத்தம் கேட்டு, "சாப்ளின் ஐயாவா?" என்று எழுந்து நின்றார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த ஆசிரியரின் கண் இந்தத் தாயாருக்கே வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வங்கியில் வரிசை உண்டு, கருவிழி நல்லதா என்று சோதிப்பதுண்டு. ஆனாலும் இரண்டு பேருக்கு வந்திருக்கலாம். பதினாறாம் நாள் மூத்த மகள் எங்களிடம் வந்து இன்னொன்றும் சொன்னார்கள். "அப்பா ஸ்கூல்ல கண் தான உறுதிமொழி எல்லாம் எழுதிக் கொடுத்தவங்க ஐயா. அந்த நேரத்துல எங்க யாருக்கும் ஞாபகம் வரல. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." கடிந்துகொள்ளவில்லை. சாதாரணமாய்ச் சொன்னார்கள்.

அதன் பிறகு நாங்கள் கேட்கிறோம். கேட்கக் கற்றுக்கொண்டோம். ஜெபித்து முடித்து, முதல் அழுகை அடங்கி, தண்ணீர் குடித்த பிறகு, குடும்பத்தில் முடிவு சொல்லக்கூடிய ஒருவரைத் தனியே அழைத்து, ஒரே ஒரு முறை கேட்கிறோம். "வேண்டாம்" என்றால் அதோடு விட்டு, மற்றக் காரியங்களுக்கு உதவுகிறோம். பாதிக்கு மேற்பட்டவர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

முகம் கெட்டுப்போகும் என்று பயம். கெடாது. இப்போது பெரும்பாலும் மேலிருக்கிற மூடியை மட்டும் எடுக்கிறார்கள், அரை மணிக்குள் முடியும், இமை மூடியிருக்கும், பெட்டியில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அடக்கத்துக்கு நேரமாகும் என்று பயம். வெளியூர்ப் பிள்ளைகளுக்காக நாம் காத்திருக்கிற நேரத்தில் இது ஒரு பொருட்டல்ல. சர்க்கரை வியாதி, வயது, கண்ணாடி போட்டவர், புரை எடுத்தவர் என்று நாமாகவே தள்ளிவிடுகிறோம். இவை ஒன்றும் தடையல்ல. எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி, இரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் மரித்தவர்களிடம்தான் எடுப்பதில்லை. எதற்கும் வங்கி இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளும்.

நம்மவர்கள் மெதுவாய், குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி வேறு. உயிர்த்தெழுதலின் நாளில் கண்ணில்லாமல் எழுந்திருப்பாரோ? இதைக் கேட்டுச் சிரிக்காதிருங்கள். கேட்கிறவர் தகப்பனை இழந்து நிற்கிறவர். நாங்கள் அவர்களிடம் சொல்லுவது இதுதான். கடலில் மாண்ட நம் மீனவச் சகோதரர்கள், நெருப்பில் மாண்ட சிவகாசிப் பிள்ளைகள் இவர்களையெல்லாம் முழுமையாய் எழுப்ப வல்லவர், உங்கள் அப்பாவின் அரை மில்லிமீட்டர் தோலுக்காகத் தடுமாறமாட்டார். ரோமச் சபையாரிடமும் இதே கேள்வி இருந்தது. போப் 12ஆம் பயஸ் 1956இல் இத்தாலியக் கருவிழிக் கொடையாளர் சங்கத்தாரிடம் பேசி, இதில் குற்றமில்லை என்று தெளிவுபடுத்தினார். பக்கத்து இலங்கையில் மருத்துவர் ஹட்சன் சில்வா, தம் தாயார் 1960இல் மரித்தபோது அவர்கள் கருவிழியை ஓர் ஏழை விவசாயிக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு கண் தானச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1964இல் அங்கிருந்து சிங்கப்பூருக்குக் கருவிழி போனது, பிறகு எத்தனையோ தேசங்களுக்கு. அது பௌத்தர்கள் மிகுந்த சின்னத் தீவு. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு காரியம் உண்டு. நரிக்குடிப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். மனைவி மரித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "கண்ணப்ப நாயனார் கதைய எங்க அப்பா சொல்லித்தான் வளர்ந்தோம். எடுத்துக்குங்க சாமி" என்றார். நம் சபையார் பலரிடம் அரை மணி நேரம் பேசியும் கிடைக்காத பதில்.

சரி, தாயாரின் காரியம். ஒரு வியாழக்கிழமை மாலை மதுரையிலிருந்து போன் வந்தது. காலையில் வந்து சேரச் சொன்னார்கள். தழும்புள்ள வட்டத்தை அளவெடுத்து வெட்டியெடுத்து, அந்த இடத்தில் புதியதை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் 16 தையல் போட்டார்கள். கட்டு அவிழ்த்தவுடன் உலகம் பளிச்சென்று தெரிந்தது என்று சினிமாவில் காட்டுவார்கள். அப்படி இல்லை. முதலில் கலங்கல்தான். மாதங்கள் ஆகும். தையல் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்து, ஒவ்வொன்றாய் எடுப்பார்கள். சொட்டு மருந்து நாள் தவறாமல், வருஷக்கணக்கில். மற்றவருடைய உறுப்பு என்று உடல் அறிந்துகொண்டு அதைத் தள்ளப் பார்க்கலாம். சிவந்தால், வலித்தால், மங்கினால் அன்றே போக வேண்டும்.

ஐந்தாம் மாதம் அவர்கள் மகன் முகத்தைப் பார்த்து, "என்னடா இப்படிக் கருத்துட்ட" என்றார்கள். இப்போது கண்ணாடி போட்டு ரேஷன் அட்டையின் பெரிய எழுத்தைப் பார்க்கிறார்கள். ஊசியில் நூல் கோர்க்க முடியாது. கரிமூட்டத்துப் புகைக்கும் முள்ளுக்கும் திரும்பப் போகக்கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. நம் மருத்துவமனையில் துணி மடிக்கிற வேலை கொடுத்திருக்கிறோம். அந்தச் சம்பளமும் உங்கள் காணிக்கைதான். "யாரு கண்ணுங்கய்யா?" என்று ஒருமுறை கேட்டார்கள். எங்களுக்குத் தெரியாது, வங்கி சொல்லாது. "எந்த ஊருன்னாவது தெரிஞ்சா ஒரு விளக்குப் போடலாம்" என்றார்கள்.

முள் குத்தின அன்றே வந்திருந்தால் இத்தனையும் வேண்டியிருந்திராது. நேபாளத்தில் பக்தபூர் என்ற இடத்தில், கருவிழி சிராய்த்தவர்களுக்குக் கிராமத் தொண்டர்களே ஒரு சாதாரணக் களிம்பை நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாள் போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை என்று 2001இல் எழுதினார்கள். பிறகு அதே தேசத்தில் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது, ஊர் முழுவதற்குமான கணக்கில் புண் குறையவில்லை என்று 2022இல் எழுதினார்கள். களிம்பை ஊரில் வைத்துவிட்டால் போதாது, அடிபட்டவர் அன்றே வர வேண்டும் என்று நாங்கள் அதைப் புரிந்துகொள்கிறோம். உங்கள் ஊர்களில் இதைச் சொல்லுங்கள். நாக்கு வேண்டாம், தாய்ப்பால் வேண்டாம், மருத்துவரைக் கேட்காத கடைச்சொட்டு வேண்டவே வேண்டாம். பூஞ்சைப் புண்ணுக்குச் சில சொட்டுகள் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றினதுபோல். சென்ற ஆண்டு உங்கள் பணத்தில் வெட்டுக்காரர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தோம். உண்மையைச் சொல்லவேண்டுமானால் பாதிப்பேர் போடுவதில்லை. "வேர்த்து மங்குதுங்கய்யா" என்கிறார்கள். கழுத்தில் தொங்குகிறது.

இப்போது உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறோம். இன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது, உங்கள் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், "நான் போனால் கண்ணைக் கொடுத்துவிடுங்கள்" என்று. அட்டையில் எழுதுகிறது நல்லது. ஆனால் அந்த நேரத்தில் சம்மதம் சொல்லுகிறவர்கள் பிள்ளைகள்தான், அவர்களுக்கு ஞாபகம் வர வேண்டும். கண் வங்கியின் போன் எண்ணைக் காலண்டரின் பின்னால் எழுதி வையுங்கள். மரணம் நேர்ந்தால் இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி, உடனே போன் செய்யுங்கள். வாசலில் நிற்கிற சபை மூப்பர்களே, போதகர்மாரே, நீங்கள் கேளுங்கள். கேட்க வாய் வராவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் வருகிறோம்.

போன வெள்ளிக்கிழமை அந்தத் தாயாரின் கண் சிவந்துவிட்டது. துணி மடிக்கிற மேசையிலிருந்து நேரே எங்கள் அறைக்கு வந்தார்கள். மத்தியானப் பஸ்ஸில் மகனோடு மதுரைக்கு ஏற்றிவிட்டோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆராதனையில் எங்கள் மனம் அங்கேயே இருந்தது. திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்தார்கள். புதிய சொட்டு மருந்து ஒன்று எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.